கிடைக்கும் முன்பே தோத்திரம்

என் அம்மா சூசை மேரி கடவுளிடம் எதையும் கேட்கிறவள் இல்லை. கேட்பது மரியாதைக் குறைவு என்பது அவள் கட்சி. பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று தகப்பனுக்குத் தெரியாதா, கையை நீட்டிக்கொண்டு நிற்க நாம் என்ன பஸ் ஸ்டாண்டிலா இருக்கிறோம் என்பாள். நன்றி மட்டும் சொல்வாள். ஒரு நாள் விடாமல் சொல்வாள். இதில் ஒரே ஒரு கோளாறுதான். சாமான் கைக்கு வருவதற்கு முன்பே சொல்லிவிடுவாள்.

இதைக் கேட்டு, ஆகா என்ன விசுவாசம் என்று உருகுகிறவர்கள் தாராளமாக உருகிக்கொள்ளட்டும். நான் அவளுக்கு ஒரே மகள். அவள் முன்கூட்டிச் சொன்ன நன்றிகளிலேயே பெரிய நன்றியில் மாட்டிக்கொண்டவளும் நான்தான். எனக்கு உருக்கம் வராது. கோபம்தான் வரும், அதுவும் இப்போது பாதியாகக் குறைந்துவிட்டது.

திண்டிவனத்தில் கோயிலுக்குப் பின்னால் இரண்டாவது சந்தில் எங்கள் கூரை வீடு. அப்பா லாரியில் கிளீனராக இருந்தவர். நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே விஷக்காய்ச்சலில் போய்விட்டார். அம்மா தொம்மை முதலாளியின் மண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்தாள். காலையிலிருந்து பொழுது சாயும்வரை தோலை உடைத்துப் பருப்பைப் பிரிக்க வேண்டும். விரல் நகம் எல்லாம் தேய்ந்து, மாவு பிசைந்தால் மாவில் ரத்தக் கோடு விழும்.

ஐம்பத்தோராம் வருஷத் தவக்காலத்தில் புதுச்சேரியிலிருந்து ஒரு பிரசங்கச் சாமியார் வந்து மூன்று நாள் தியானம் கொடுத்தார். "தாய்மார்களே, தினமும் செபமாலை முடிந்ததும் அன்றைக்கு சர்வேசுரன் கொடுத்ததை எல்லாம் ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி நன்றி சொல்லுங்கள். கொடுக்கப் போவதற்கும் சேர்த்துச் சொல்லுங்கள், அதுதான் விசுவாசம்" என்றார். மற்ற தாய்மார்கள் அழுதார்கள், முந்தானையில் மூக்கைத் துடைத்தார்கள், வீட்டுக்குப் போய் மறந்தார்கள். என் அம்மா மறக்கவில்லை. அதிலும் அந்த இரண்டாவது வாக்கியத்தை மண்டையில் ஆணி அடித்து மாட்டிக்கொண்டாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டில் இது நடந்தது.

"சர்வேசுரா, இன்னிக்குக் கேப்பக் கூழு குடுத்தீரே, தோத்திரம். கூழுக்கு ஒரு வெங்காயமும் குடுத்தீரே, தோத்திரம். கூரை ஒரு மூலையில மட்டும்தான் ஒழுவுது, மத்த மூணு மூலைக்கும் தோத்திரம். எம்மவ கணக்குல ஃபெயிலானாலும் தமிழ்ல பாஸ் பண்ணாளே, அதுக்கும் தோத்திரம்."

மெதுவாகச் சொல்ல மாட்டாள். சர்வேசுரன் காது மந்தமானவர் என்பது போல, சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வாள். கணக்கில் நான் ஃபெயிலானது மறுநாள் காலை குழாயடியில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். பத்து வயதில் எனக்கு அந்த அவமானம் போதாதா? "மனசுக்குள்ள சொல்லேம்மா" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "வாங்கறப்ப மட்டும் ஊரறிய வாங்கிக்கினு, நன்றிய ஒளிச்சு வெச்சு சொல்றதா? நல்லாக் கீது நாயம்" என்றாள்.

எங்களுக்கும் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி அக்காவுக்கும் நடுவில் ஒரே ஒரு மண்சுவர். பாஞ்சாலி அக்கா எங்கள் வேதம் இல்லை. மயிலம் முருகனுக்கு வருஷா வருஷம் பால்குடம் எடுக்கிறவள். ஒருநாள் அம்மா தன் நன்றி வரிசையில், "பாஞ்சாலி எங்க கோழிக்குத் தவுடு குடுத்ததுக்குத் தோத்திரம்" என்று ஒன்றைச் சேர்த்தாள். பாஞ்சாலி அக்கா தவிடும் கொடுக்கவில்லை, ஒன்றும் கொடுக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக முறத்தில் தவிட்டோடு வந்து நின்றாள்.

"ஏ சூச மேரி, உங்க சாமிகிட்ட எம்பேர இன்னாத்துக்கு இழுத்துக்கினு கெடக்குற? நான் எப்ப தவுடு குடுத்தேன்? உங்க சாமி அத நெசம்னு நெனச்சுக்கினு எனக்குப் புண்ணியம் எழுதிட்டாருன்னா, அப்பறம் பேஜாரு யாருக்கு? இந்தா, புடி!"

அம்மா முறத்தை வாங்கிக்கொண்டாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை. "பாத்தியா பாஞ்சாலி, அவரு நேத்தே குடுத்துட்டாரு. உங்கைக்கு வந்து சேரத்தான் ஒரு ராத்திரி ஆச்சு" என்றாள்.

அம்மா கள்ளம் கபடம் தெரியாதவளா, இல்லை திண்டிவனத்திலேயே பெரிய கைகாரியா? இதை நான் இருபத்தைந்து வயதுவரை யோசித்தேன். பிறகு யோசிப்பதை விட்டுவிட்டேன்.

தவிட்டோடு நின்றிருந்தால் எனக்கொன்றும் இல்லை. அம்மா கோயிலுக்குப் போனாள்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் முடிந்ததும், அந்த வாரம் எந்தெந்தப் பூசை யார் யாருக்காக என்று சாமியார் ஒரு நோட்டைப் பார்த்து வாசிப்பார். செத்தவர்களுக்காகச் சில பூசை, நோயாளிக்காகச் சில, மிச்சம் நன்றிப் பூசை. காணிக்கையைக் கொடுத்துக் கருத்தைச் சொன்னால், சொன்னபடியே எழுதிக்கொள்வார். உண்மையா பொய்யா என்று விசாரிக்க அது என்ன கோர்ட்டா? கடவுளுக்கு நன்றி சொல்ல வருகிறவள் பொய் சொல்வாள் என்று எந்தச் சாமியாருக்குத் தோன்றும்?

ஐம்பத்து நாலாம் வருஷம், சித்திரை வெயில். மண்டியில் முப்பது பெண்கள் வெட்டவெளியில் உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மயங்கி விழுந்தாள். மூஞ்சியில் தண்ணீர் அடித்து மறுபடி உட்கார வைத்தார்கள். அந்த ஞாயிறு சாமியார் நோட்டைப் பார்த்து வாசித்தார்: "புதன்கிழமை, நன்றிப் பூசை. மண்டியில் வேலை செய்யும் ஏழைப் பெண்களுக்கு நிழலுக்குக் கொட்டகை போட்டுக் கொடுத்த தொம்மை முதலாளியின் தாராள மனதுக்காக, சூசை மேரி."

தொம்மை முதலாளிக்குக் கோயிலில் முன்வரிசையில் தன் பெயர் எழுதிய பெஞ்சு ஒன்று உண்டு. பெயர் என்றால் மனிதருக்கு உயிர். பீடத்திலிருந்து அவர் பெயரை வாசித்தால் கழுத்து இரண்டு அங்குலம் நீளும். அன்றைக்கு அவர் பெயரைக் கேட்டதும் கழுத்து பாதி நீண்டு, கொட்டகை என்ற சொல்லைக் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டது. சாமியார் நோட்டை மூடிவிட்டு, இப்படிப்பட்ட முதலாளி நம் கோயில் பங்கில் இருப்பது நமக்கெல்லாம் பெருமை என்று தன் பங்குக்கு இரண்டு வார்த்தை சேர்த்தார். ஜனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்த முகத்தில் சிரிப்பும் அழுகையும் ஒரே வாயில் நுழையப் பார்த்து இரண்டும் மாட்டிக்கொண்டிருந்தன. நான் முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை மண்டியில் கொட்டகை எழும்பியது. தொம்மை முதலாளி அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா சூசை மேரி, நான் எப்பம்மா கொட்டா போட்டேன்?"

"போடுவீங்கன்னு சர்வேசுரன் எம்மனசுல காட்டினாரு மொதலாளி. காட்டினப்பறம் நன்றியத் தள்ளிப் போட்டுக்கினே இருந்தா பாவம் இல்லீங்களா?"

பக்தியை எப்படித் திட்டுவது?

அதற்கப்புறம் அந்தக் கொட்டகையில் ஒரு தண்ணீர்ப் பானை வந்தது. பெரிய வெள்ளிக்கு முழு நாள் விடுமுறை வந்தது. எனக்குப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சம்பளம் கட்டாமல் படிக்க இடம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு நன்றிப் பூசை. தன் பங்கில் இத்தனை நல்ல காரியம் நடக்கிறதே என்று சாமியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஐம்பத்தெட்டில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தேன், கணக்கிலும் சேர்த்துத்தான். எனக்கு ஒரே ஒரு ஆசை. டீச்சராக வேண்டும். கையில் சாக்பீஸ், தோளில் பை, யாரையும் முதலாளி என்று கூப்பிடத் தேவையில்லாத வாய். விழுப்புரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பயிற்சிப் பள்ளியில் இடமும் கிடைத்தது. ஹாஸ்டலுக்குத்தான் வழியில்லை. இரண்டு வருஷம் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் அம்மாவின் நன்றி வரிசையில், கூழுக்கும் கோழிக்கும் நடுவில், "எம்மவ ஹாஸ்டல் செலவ தொம்மை மொதலாளி ஏத்துக்கினதுக்குத் தோத்திரம்" என்று ஒன்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை அதுவே பீடத்தில் வாசிக்கப்பட்டது. தொம்மை முதலாளி திரும்பி அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அவர் எங்களைப் பார்த்துச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு சாமியார் நோட்டைப் பிரித்தார். "வெள்ளிக்கிழமை, நன்றிப் பூசை. சூசை மேரி அம்மாள் தன் ஒரே மகள் அமலோற்பவமேரியைத் தன் வீட்டு மருமகளாகக் கொடுக்கச் சம்மதித்ததற்காக, தொம்மை முதலாளி."

அமலோற்பவமேரி என்பது நான். மாப்பிள்ளை அவர் மகன் செபஸ்தியான். வயது முப்பத்தாறு. பெண்டாட்டி செத்துப் போய் மூன்று பிள்ளைகள். நம் ராஜ்யத்தில் மதுவிலக்கு என்பதால், வாரத்தில் நாலு நாள் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய்த் தாகம் தீர்த்துக்கொண்டு வருகிறவர். வந்த பிறகு வீட்டில் பாத்திரங்கள் பறக்கும். இரண்டு வருஷமாகத் தேடியும் யாரும் பெண் கொடுக்கவில்லை.

கோயில் வாசலில் பெண்கள் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். "மல்லாட்ட ஒடச்ச கைக்குத் தங்க வளையல் வரப்போவுது, சூச மேரி." "பெரிய வூட்டு சம்மந்தம், சும்மாவா?" "நீ தெனமும் தோத்திரம் சொல்லிக்கினே இருந்தியே, அதான் சர்வேசுரன் அள்ளிக் குடுத்துட்டாரு." அத்தனை பேரும் மனசாரச் சொன்னார்கள். அம்மாவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. தொம்மை முதலாளி பின்னாலேயே வந்து நின்றார்.

"நான் எப்ப மொதலாளி சம்மதிச்சேன்?" அம்மாவின் குரல் அவளுக்கே கேட்டிருக்காது.

"நீ சம்மதிப்பேன்னு சர்வேசுரன் எம்மனசுல காட்டினாரும்மா" என்றார் அவர். "உனக்கு மட்டும்தான் காட்டுவாரா?"

அன்று சாயங்காலம் செபமாலை முடிந்தது. நான் காத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பாஞ்சாலி அக்காவும் காத்திருந்திருப்பாள். அம்மா வாயைத் திறக்கவில்லை.

"இன்னா சூச மேரி" என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது, "இன்னிக்கு உங்க சாமி ஒண்ணும் குடுக்கலியா?"

"குடுத்துட்டாரு பாஞ்சாலி. அதான் இன்னா சொல்றதுன்னு தெரியாம முழிச்சுக்கினு கீறேன்."

நான் கத்தினேன். போய் மாட்டேன் என்று சொல், சாமியாரிடம் சொல், ஊரைக் கூட்டிச் சொல் என்றேன். அம்மா தேய்ந்த நகங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இன்னான்னுடி சொல்றது? மொதலாளி பொய் சொல்லிட்டாருன்னா? அப்ப கொட்டா மெய்யான்னு கேப்பாங்க. கொட்டாய பிரிச்சிடுவாரு. முப்பது பொம்பளைங்க வெயில்ல உக்காரணும்" என்றாள். அப்போதும் நான் கத்தினேன். எனக்குக் கொட்டகையா பெரிசு? பதினேழு வயதில் யாருக்கும் கொட்டகை பெரிசாகத் தெரியாது.

கல்யாணத்துக்கு முன் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று. முதல் ஓலை அடுத்த ஞாயிறு என்று தொம்மை முதலாளி சொல்லி அனுப்பினார். அம்மா அந்த வாரம் முழுக்க நன்றியும் சொல்லவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் கூடையில் பத்து முட்டையை எடுத்துக்கொண்டு சாமியாரைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்ததும் படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் நோட்டைப் பிரித்தார்.

"செவ்வாய்க்கிழமை, நன்றிப் பூசை. தன் ஒரே மகள் அமலோற்பவமேரியை சர்வேசுரன் கன்னியர் மடத்துக்கு அழைத்துக்கொண்டதற்காக, சூசை மேரி."

எனக்கு அழைப்பு வந்த விஷயம் எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

எங்கள் பங்கிலிருந்து பன்னிரண்டு வருஷமாக ஒரு பெண் மடத்துக்குப் போகவில்லை. அதற்காகச் சாமியார் பிஷப் ஆண்டவர் அரண்மனையில் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தன் மகனுக்கென்று கேட்ட பெண்ணை, சர்வேசுரன் கேட்டதும் மனமுவந்து விட்டுக்கொடுத்த தொம்மை முதலாளியின் தியாகத்தை என்னென்று சொல்வது!" என்றார். தொம்மை முதலாளி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சர்வேசுரனோடு யார் போட்டிக்குப் போவார்கள்? கழுத்து மெதுவாக நீள ஆரம்பித்தது. அந்தப் பெண்ணுக்கு டிரங்குப் பெட்டி, புடவை, விழுப்புரத்தில் படிக்கிறவரைக்கும் ஆகிற செலவு எல்லாம் என்னுடையது என்று அங்கேயே சொன்னார். அம்மா முதலில் சொன்ன நன்றி அப்படியே பலித்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் நான் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "நான் கன்னியாஸ்திரியா? நானா?"

"ரெண்டே வருசம்டி. டிரெய்னிங் பள்ளிக்கூடமும் அந்த மடத்துதுதான, போய் முடிச்சுக்கினு வந்துடு. அழைப்பு வந்துச்சு, அப்பறம் போயிடுச்சுன்னு சொல்லிக்கலாம். சளி வர்றதில்லியா, போறதில்லியா?"

அன்றைக்கு அம்மா நன்றி வரிசையை மறுபடி ஆரம்பித்தாள். கூழுக்குத் தோத்திரம், கோழிக்குத் தோத்திரம். கடைசியாக, "எம்மவ படிப்ப முடிச்சுக்கினு வூட்டுக்குத் திரும்பி வந்ததுக்குத் தோத்திரம்." நான் அப்போது பெட்டியில் துணிகூட எடுத்து வைக்கவில்லை.

விழுப்புரத்துக்கு ரயிலில் போனேன். திரும்பி வரத்தான் போனேன், சத்தியமாக. முதல் வாரம் நாள்களை எண்ணினேன். அப்புறம் மாதிரிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பை என்னிடம் விட்டார்கள். நாற்பது பெண்கள். முகையூரிலிருந்து வந்த ஒருத்திக்குக் கழித்தல் வரவே வரவில்லை. மல்லாட்டையை வைத்துச் சொல்லிக் கொடுத்தேன், வந்துவிட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். மடத்தில் எனக்கென்று ஒரு கட்டில் இருந்தது, ஒரு ஜன்னல் இருந்தது. மணி அடித்தால் வேலை, மணி அடித்தால் அமைதி. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே என்னைக் காட்டி யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. அந்த நிம்மதியைத்தான் சர்வேசுரனின் அழைப்பு என்று நான் எடுத்துக்கொண்டேனா என்று கேட்டால், இருக்கலாம். அவர் எந்த வழியில் கூப்பிட்டால் என்ன, நான் போனேன்.

அறுபதாம் வருஷம் ஜூன் மாதம் அம்மா என்னை அழைத்துப் போக வந்தாள். பார்வையாளர் அறையில் பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் காகிதம் சுற்றிய புதுப் புடவை, நீல நிறம். நான் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று வாங்கியது.

"நான் வரலம்மா. இங்கயே இருந்துடறேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. சிரித்தாள். பிறகு புரிந்தது.

"வந்துடுடி" என்றாள். "அமலா, வந்துடுடி. நான் கேக்கறேன்டி உன்ன."

கேட்கிறேன் என்று அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. அதைக் கேட்டுத்தான் என் நாக்கு பொல்லாததாகிவிட்டது. "நீதானேம்மா சர்வேசுரன் என்னக் கூப்பிட்டாருன்னு முன்கூட்டியே நன்றி சொன்ன? கூப்பிட்டுட்டாரு. இப்ப எதுக்கு அழற?" என்றேன். இதைச் சொல்லியிருக்கக் கூடாது. இன்றைக்கும் இதை நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

அம்மா புடவையைக் காகிதத்தோடு மடியில் அமுக்கிக்கொண்டு எழுந்து போனாள்.

நான் துறவற வார்த்தைப்பாடு கொடுத்தேன். சிஸ்டர் தெக்லா என்று புதுப் பெயர் வைத்தார்கள். வருஷங்கள் போயின. திண்டிவனத்திலிருந்து ஹாஸ்டலுக்கு வந்து சேர்ந்த பெண் ஒருத்தி ஒருநாள் என்னிடம் கேட்டாள்: "சிஸ்டர், நீங்க எப்ப வீட்டுக்குத் திரும்பி வந்தீங்க? வருஷா வருஷம் ஜூன் மாசம் கோயில்ல வாசிக்கறாங்களே." நோட்டில் இப்படித்தான் இருந்ததாம்: மகள் வீடு திரும்பியதற்காக நன்றிப் பூசை, சூசை மேரி. புதிதாக வந்த சாமியார் விவரம் தெரிந்து அம்மாவைக் கூப்பிட்டு, "உங்க மகள் மடத்தில்தானே இருக்கா?" என்று கேட்டாராம். "ஆமாஞ்சாமி. முன்கூட்டியே சொல்லி வெக்கறேன். இதுவரைக்கும் ஒண்ணுகூட தப்பல" என்றாளாம்.

எனக்குக் கோபம் வந்தது. பிறகு கோயிலுக்குப் போய் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அறுபத்தாறில் என்னைத் திண்டிவனத்துக்கே மாற்றினார்கள், எங்கள் சபையின் பெண்கள் பள்ளிக்கு. அம்மாவின் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அம்மாவின் நன்றியை சர்வேசுரன் மறக்கவில்லை, ஆனால் தன் பாணியில் கொடுத்தார். எங்கள் சபையில் கன்னியர்கள் வெளிவீடுகளுக்குள் கால் வைக்கக் கூடாது, பெற்ற தாயின் வீடானாலும் சரி. வெளியில் பச்சைத் தண்ணீரும் குடிக்கக் கூடாது. மாதம் ஒருமுறை மடத்துப் பார்வையாளர் அறையில் அரை மணி நேரம் பார்க்கலாம். அம்மா வருவாள். "சௌக்கியமா இருக்கீங்களா சிஸ்டர்?" என்பாள். பெற்ற மகளை வாங்க போங்க என்பாள். தலை முழுக்க நரைத்திருந்தது. நன்றியைப் பற்றி இருவரும் பேசவில்லை.

ஒரு மாதம் முதல் வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்துப் போனோம். பெரிய தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அதனால் மதர் சுப்பீரியர் எங்கள் சந்து வழியாக வரிசையைத் திருப்பினார். எட்டு வருஷத்துக்குப் பிறகு நான் அந்தச் சந்தில் நடந்தேன். அம்மா வாசலில் நின்றிருந்தாள். வெளுத்துப் போகாத நீலப் புடவை கட்டியிருந்தாள். எந்தப் புடவை என்று எனக்குத் தெரிந்தது.

"உள்ள வாங்க சிஸ்டர், ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போலாம்."

மதர் சுப்பீரியர் நல்ல மனுஷிதான். சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். "எங்க ஒழுங்குல அதுக்கு இடம் இல்லம்மா. உங்களுக்குத் தெரியாததா?"

"சரிங்க மதர்" என்றாள் அம்மா, அடக்கமாக. அப்படியே வாசலில் முழங்கால் போட்டாள். கையைக் கூப்பினாள். சந்து முழுக்கக் கேட்கிற அந்தக் குரலில் ஆரம்பித்தாள்.

"சர்வேசுரா, இன்னிக்குக் கூழு குடுத்தீரே, தோத்திரம். கோழி முட்ட வெச்சுதே, தோத்திரம். எம்மவ வூட்டுக்குள்ள வந்து, அவங்க அப்பா படத்துக்குக் கீழ உக்காந்து, எங்கையால ஒரு சொம்புத் தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுப் போனாளே, அதுக்குத் தோத்திரம்."

அறுபது பிள்ளைகளும் அப்படியே நின்றுவிட்டார்கள். சர்வேசுரனுக்குச் சொன்ன நன்றி வீண்போகாது என்று வேதபாடத்தில் நேற்றுதான் நான் அவர்களுக்கு நடத்தியிருந்தேன். எல்லார் கண்ணும் என் மேல். தன் பெயர் எழுதிய பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, போடாத கொட்டகைக்கு நன்றி வாங்கிய தொம்மை முதலாளிக்கு அன்று உள்ளே என்ன செய்திருக்கும் என்று எனக்கு இப்போது தெரிந்தது. சிரித்த எனக்கு இது வேண்டியதுதான்.

பக்கத்து வாசலில் பாஞ்சாலி அக்கா, பல் எல்லாம் போய், கழியை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தாள்.

"இன்னா பொண்ணே மரம் மாதிரி நின்னுக்கினு கீற? உங்க சாமி நேத்தே குடுத்துட்டாரு. ஜல்தியா போய்க் குடிச்சுட்டு வா!"

நான் மதர் சுப்பீரியரைப் பார்த்தேன். அவர் பிள்ளைகளைப் பார்த்தார், முழங்காலில் இருந்த அம்மாவைப் பார்த்தார், கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி நின்று, "பிள்ளைகளா, செபமாலையில் ஒரு பத்து மணிகளை இங்கேயே சொல்லிவிட்டுப் போவோம்" என்றார்.

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. நான் செருப்பைக் கழற்றினேன்.